வழிப்போக்கனுக்கு வைத்த தண்ணீர்

யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மேற்கே, ஆழம் குறைந்த கடலில் சிதறிக் கிடக்கும் வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு முதலான தீவுகளில் ஆறு என்று ஒன்றில்லை, மலையும் இல்லை. சுண்ணாம்புப் பாறையின் துளைகளிலும் இடுக்குகளிலும் மாரிமழை விட்டுச் சென்ற நன்னீர், அடியில் நிற்கும் உப்புநீரின் மேல் மெல்லிய ஏடாக மிதந்துகொண்டிருக்க, அதைக் கிணறும் துரவும் தோண்டி, மிகுதியாய் இறைத்தால் உவர் ஏறிவிடும் என்ற அச்சத்தோடு அளந்து அள்ளிக் குடித்தே அங்குள்ள மக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்திருக்கின்றனர். ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்வதே ஆண்டு முழுவதுக்குமான முதல். சோளகக் காற்று எழுந்து புழுதியை வாரி இறைக்கும் மாதங்களில் குடிக்கத்தக்க நீருள்ள கிணறு எது என்பதை ஊரார் விரல்விட்டு எண்ணிச் சொல்வார்கள். நல்ல தண்ணீர்க் கிணற்றடிக்குக் குடத்தோடு நெடுந்தூரம் நடப்பது பெண்களின் அன்றாடக் கடமையாக இருந்தது. அத்தகைய மண்ணில், முன்பின் அறியாத ஒருவனுக்கு ஒரு செம்பு தண்ணீர் கொடுப்பது, மிஞ்சியதைக் கொடுப்பதன்று. தன் வீட்டுக்கு வேண்டியதிலிருந்து எடுத்துக் கொடுப்பது. சிறிய உபகாரம் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதன் உண்மையான நிறை அங்கேதான் தெரியும்.

பழைய வீடுகளின் வாயிலில் சங்கடப்படலை என்ற ஓர் அமைப்பு இருந்தது. இன்றும் குடாநாட்டிலும் தீவுகளிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாக அதைக் காணலாம். படலைக்கு மேலே ஓலையால் வேய்ந்த, அல்லது ஓடு போட்ட ஒரு சிறு கூரை; இருந்து இளைப்பாறப் பக்கத்தில் ஒரு குந்து; நிழலான மூலையில் ஒரு மண்பானையில் தண்ணீர், அதன் மூடியின் மேல் கவிழ்த்து வைத்த சிரட்டை. வீட்டுக்காரர் உள்ளே உறங்கிக்கொண்டிருக்கலாம். தோட்டத்துக்கோ கடலுக்கோ போயிருக்கலாம். வெயிலில் வந்தவன் குரல் கொடுக்க வேண்டியதில்லை. தன் ஊரையும் பெயரையும் வந்த காரியத்தையும் ஒப்புவிக்க வேண்டியதில்லை. இரந்து நிற்கும் முகத்தோடு முற்றத்தில் நிற்க வேண்டியதுமில்லை. மொண்டு குடித்துவிட்டு, சற்றே இருந்துவிட்டு, எழுந்து போகலாம். தாகத்தை மட்டுமன்றி, கேட்பதற்குக் கூசும் மனிதனுடைய கூச்சத்தையும் மனத்திற்கொண்டு அமைத்த தர்மம் இது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டுக்காரர் நேரில் நிற்கும் வேளையில், "வாங்கோ, வெயிலாக் கிடக்கு, இருந்து தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்ற அழைப்பும் அதனோடு சேரும். ஆனால் அழைப்பு இல்லாத வேளையிலும் பானை இருந்தது என்பதே இதில் நாம் கவனிக்க வேண்டியது.

வீட்டு வாயிலில் தொடங்கிய இந்த எண்ணம் தெருவெங்கும் கல்லாகவும் கேணியாகவும் நின்றது. ஊர்களுக்கு நடுவே, குடியிருப்பு இல்லாத வெளிகளில், இராத்தங்க மடங்கள் கட்டினர். மடத்தருகே கேணி வெட்டி, படிகட்டிக் கீழிறங்க வழி செய்தனர். ஆடுமாடுகள் வாய்வைத்துக் குடிக்கக் கல்தொட்டி வைத்தனர். அவை உடம்பு தினவெடுத்தால் உராய்ந்துகொள்ள ஆவுரஞ்சிக்கல் ஒன்றையும் நட்டனர். வாயில்லா ஜீவனின் தினவையும் எண்ணிப் பார்த்த அந்த மனிதர்களின் பெயர்கள் பெரும்பாலும் நமக்குக் கிடைக்கவில்லை.

இவை எல்லாவற்றிலும் என் மனத்தை மிகவும் இளக்குவது சுமைதாங்கி. இரண்டு கற்றூண்கள், அவற்றின் மேல் குறுக்கே ஒரு கற்பலகை. ஆள் தோளுயரத்துக்குக் கிட்டத்தட்ட ஒரு மேடை. பார்ப்பதற்கு இவ்வளவே. மீன் கடகத்தையோ, புகையிலைக் கட்டையோ, பனங்கிழங்கையோ தலையில் சுமந்து சந்தைக்கு நடக்கும் ஒருவரை நினைத்துக்கொள்ளுங்கள். தலைச்சுமையின் கொடுமை அதன் பாரத்தில் மட்டும் இல்லை. களைத்த இடத்தில் இறக்கி வைக்க முடியாமையில் இருக்கிறது. எப்பாடுபட்டாவது நிலத்தில் இறக்கிவிடலாம். ஆனால் மறுபடி தலைக்கு ஏற்ற இன்னொருவர் கைகொடுக்க வேண்டும், தனிவழியில் அந்த இன்னொருவருக்கு எங்கே போவது? சுமைதாங்கியில் சிறிது முழங்கால் மடக்கினால் சுமை தானே பலகைக்கு மாறும்; இளைப்பாறிய பின் தலையைக் கொடுத்து நிமிர்ந்தால் தானே தலைக்கு ஏறும். அங்கே இல்லாத அந்த இரண்டாவது ஆளின் வேலையை, யாரோ எப்போதோ நட்டுப்போன கல் செய்கிறது. கருவுற்ற நிலையில் மரித்த பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழர் வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்ட மகளுக்காக, ஊர் பேர் தெரியாத ஒருவருடைய தலைச்சுமையை இறக்கி வைக்க ஏற்பாடு செய்த பெற்றோரின் துயரத்தை நினைத்துப் பார்த்தால், துக்கத்தை இதைவிட மேலாகச் செலவிட்டவர்கள் உலகில் உண்டோ என்று கேட்கத் தோன்றுகிறது.

தரைவழி வந்தவனுக்கு இவ்வளவு செய்த தீவுகள், கடல்வழி வந்தவனை என்ன செய்தன?

நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலில் ஒரு கற்சாசனம் இருக்கிறது. பொலன்னறுவையில் வீற்றிருந்து இலங்கையை ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு, 12-ஆம் நூற்றாண்டில் தமிழ்மொழியில் பொறிப்பித்தது, பேராசிரியர் கா. இந்திரபாலா 1963-இல் அதை விரிவாக ஆராய்ந்து வெளியிட்டார். ஊராத்துறை, அதாவது இன்றைய ஊர்காவற்றுறை, அந்நாளில் பல தேசத்துக் கலங்கள் வந்து கூடிய துறை. பரதேசிகள் அங்கே வந்து தங்க வேண்டும், அவர்களுக்கு ரட்சை உண்டு என்று அந்தச் சாசனம் உறுதி கூறுகிறது. அதன்பின், அலையில் உடைந்துபோகும் கலங்களைப் பற்றிப் பேசுகிறது. யானையும் குதிரையும் கொண்டுவரும் கலம் சேதமுற்றால் நாலில் ஒரு கூறு பண்டாரத்துக்கு, மூன்று கூறு உடையவனுக்கு. வேறு சரக்கு ஏற்றிய கலமாயின் பாதி பண்டாரத்துக்கு, பாதி உடையவனுக்கு.

இந்த ஏற்பாட்டின் அருமை, அக்காலத்துக் கடற்கரைகளின் நடைமுறையை அறிந்தால்தான் விளங்கும். கரை ஒதுங்கிய உடைகலம் கரைக்கு உடைய மன்னனுக்கே முழுவதும் சொந்தம் என்பது பல நாடுகளில் வழக்கம். ஆந்திரக் கடற்கரையில் மோட்டுப்பள்ளித் துறைமுகத்தில் காகதீய மன்னன் கணபதிதேவன் 1244-இல் நாட்டிய அபயசாசனம், முன்னிருந்த அரசர்கள் அப்படித்தான் புயலில் சிக்கிய கலத்தின் பொருள்களை எல்லாம் பறித்துக்கொண்டனர் என்று வெளிப்படையாகவே கூறி, தான் சுங்கம் தவிர வேறெதுவும் கொள்வதில்லை என்று கடலோடிகளுக்கு வாக்களிக்கிறது. அதற்கும் முற்பட்ட நூற்றாண்டிலேயே நம் தீவுகளில் அத்தகைய நியாயம் ஒன்று கல்லில் ஏறியிருந்தது. அரசன் யானையிலும் குதிரையிலும் விருப்பம் உடையவன் என்பதையும் சாசனமே மறைக்காமல் சொல்கிறது; ஆகவே அந்தத் தயையில் வணிகமும் கலந்திருந்தது. கலந்திருந்ததனால் அது பொய்யாகிவிடவில்லை. அந்நியனை அச்சமின்றித் தங்கவிடும் துறைக்கே கலங்கள் திரும்ப வரும் என்பதை அந்த அரசன் அறிந்திருந்தான். நற்செய்கைக்குப் பிரதிபலன் உண்டு என்பதை அரசியலில் கண்டவன் அவன். எனக்கு ஒரே ஒரு குறை. கலத்தில் எத்தனை பங்கு யாருக்கு என்று நுணுக்கமாக வகுத்த அந்தக் கல், நடு இரவில் அலையில் தத்தளித்தவனைக் கரைசேர்த்து, ஈரத் துணியைக் களைந்து, அடுப்படியில் இருத்திச் சூடாகக் கூழ் கொடுத்திருக்கக்கூடிய கைகளைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. சாசனங்கள் அவற்றைக் கூறுவதில்லை.

காவியம் கூறுகிறது. மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று அறிஞர் பலர் கருதினர், உடன்படாதவரும் உளர். அந்த விவாதம் எப்படி முடிந்தாலும், அக்கதையைத் தம்முடையதாக ஏற்றுக்கொண்டு வாழ்பவர்கள் நயினாதீவு மக்கள். அதில் வரும் ஆபுத்திரன், தான் பிச்சை ஏற்று வந்ததைக் குருடருக்கும் முடவருக்கும் ஊட்டிவிட்டு எஞ்சியதை உண்டவன். மழை கொட்டும் ஒரு நள்ளிரவில் பசித்து வந்த வழிநடையோர் சிலருக்குக் கொடுக்க ஒன்றுமின்றி அவன் தவித்தபோதுதான், அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி அவன் கைக்கு வந்தது. பின்பு சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். காற்றுக்கு ஒதுங்கி மணிபல்லவத்தில் தங்கிய கப்பல், அவன் ஏறிவிட்டான் என்று எண்ணி, இறங்கியிருந்த அவனை விட்டுவிட்டு இரவோடு இரவாகப் புறப்பட்டுப் போயிற்று. கையில் உலகத்துக்கே சோறிடும் பாத்திரம் இருந்தது. அதை ஏற்க எதிரே ஒரு மனிதன் இல்லை. தன் ஒருவன் வயிற்றுக்காக அதை வைத்துக்கொள்ள மனமின்றி, அருளுடையார் ஒருவர் கையை அடைக என்று கோமுகிப் பொய்கையில் விட்டுவிட்டு, உண்ணா நோன்பிருந்து உயிர் நீத்தான். காலம் கடந்து மணிமேகலை அதைப் பெற்றாள். கொடுத்தவன் கண்டு மகிழாத பலன், அவன் முகம் அறியாத ஒருத்தியின் கையில் ஊர் ஊராகச் சென்றது.

இன்று நயினாதீவில் அம்மன் சந்நிதிக்கு அருகே அமுதசுரபி என்ற பெயரிலேயே ஓர் அன்னதான மண்டபம் இயங்குகிறது. குறிகட்டுவான் துறையில் படகேறி, ஏறத்தாழ கால்மணி நேரப் பிரயாணத்தில் தீவில் இறங்கும் யாத்திரிகர், தரிசனம் முடித்து வெளியே வந்தால், "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்ற சொல் அவரை எதிர்கொள்ளும். வரிசையாக இருத்திச் சோறும் பருப்பும் கறிகளும் பரிமாறுவார்கள். எந்த ஊர், என்ன சமயம் என்ற விசாரணை கிடையாது. அம்மனைக் காண வரும் சைவரும், சற்றே தள்ளியுள்ள நாகவிகாரையை வணங்கத் தென்னிலங்கையிலிருந்து வரும் பௌத்தரும் ஒரே படகில் வருகிறவர்கள். பசியும் அவர்களுக்கு ஒன்றே. ஆனி மாத மகோற்சவ காலத்தில், வேலணையிலிருந்து புங்குடுதீவு வழியாகத் துறைக்குச் செல்லும் வீதியில் தண்ணீர்ப் பந்தல்கள் முளைக்கும். மோரும் சர்க்கரைத் தண்ணீரும் ஏந்திய பிள்ளைகள் பஸ்ஸை மறித்து ஜன்னல் வழியே நீட்டுவார்கள். வாங்கிக் குடிப்பவர் யார் என்று பார்க்க அவர்களுக்கு நேரமிராது, அடுத்த பஸ் வந்துவிடும்.

இவற்றையெல்லாம் எழுதும்போது, ஒன்றை மறைத்துவிட்டு மேலே செல்ல என் மனம் இடங்கொடுக்கவில்லை. வழிப்போக்கனுக்குப் பானை வைத்த இதே மண், பக்கத்தில் வாழ்ந்தவனைச் சாதி சொல்லிக் கிணற்றடியிலிருந்து துரத்தியது. அள்ளிக் குடிக்க விடாமல், கையேந்தி நிற்கச் செய்து, தூர நின்று வார்த்தவர்களும், தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்தவர்களும் நம் முன்னோரே. சாதியைக் காரணங்காட்டிப் பொது இடங்களில் மனிதனை விலக்குவதைக் குற்றமாக்க 1957-இல் இலங்கைப் பாராளுமன்றம் சட்டமியற்ற வேண்டியிருந்தது. அதன் பின்னும் கோயில் வாயில்களிலும் கடை வாயில்களிலும் போராட்டம் ஓயப் பல ஆண்டு சென்றது. தூரத்து அந்நியன் இன்று வந்து நாளை போய்விடுவான். அவனிடம் கருணை காட்டுவதில் நம் அதிகாரத்துக்கு நஷ்டமில்லை. அருகில் இருப்பவனுக்குக் கொடுத்தால் அவன் நமக்குச் சமமாகிவிடுவான் என்ற பயம் நம்மவரைக் கெடுத்தது. சங்கடப்படலையின் பெருமையைப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்தே பேசக் கடமைப்பட்டவர்கள்.

இனி, பிரதிபலன் என்பதைப் பார்ப்போம். உதவியை ஏற்றவன் என்றேனும் ஒருநாள் கைநிறையப் பொருளோடு திரும்பி வந்து கடன் தீர்க்கும் கதைகளை நாம் சிறுவயது முதல் கேட்டிருக்கிறோம். வாழ்க்கையில் அப்படி நிகழ்வது அபூர்வம். சுமைதாங்கியில் இளைப்பாறியவன் அதை நட்டவரின் வீட்டைத் தேடிப் போனதில்லை. ஆயினும் பலன் வந்தது. வேறு கைகளின் வழியாக, வேறு திசையிலிருந்து, பெரும்பாலும் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் வந்தது.

தீவுகளின் மண் எல்லோருக்கும் சோறிடப் போதவில்லை. ஆகவே புங்குடுதீவு, வேலணை, காரைநகர் முதலிய ஊர்களிலிருந்து ஆடவர் பலர், கடந்த நூற்றாண்டின் முற்பகுதியிலேயே கொழும்புக்கும் தென்னிலங்கைப் பட்டினங்களுக்கும் சென்று பலசரக்குக் கடையும் சாப்பாட்டுக் கடையும் வைத்தனர். மொழி தெரியாத ஊரில் ரயிலிலிருந்து இறங்கும் பையனுக்கு, முதல் இரவு படுக்க ஒரு கடையின் பலகையும், முதல் வேளைச் சோறும், "பயப்படாதை தம்பி, நாளைக்குப் பாப்பம்" என்ற ஒரு சொல்லும் கிடைத்ததில் வாழ்க்கை தொடங்கியவர்கள் எண்ணற்றோர். அந்தப் பையன் முதலாளியானபின், தனக்குச் சோறிட்டவருக்கு அவன் செய்ததைவிட, தன்னைப்போல் வந்திறங்கிய அடுத்த பையன்களுக்குச் செய்ததே அதிகம். வேலணையையும் புங்குடுதீவையும் இணைக்கும் கடல்வழித் தாம்போதியை, அதற்காகப் பாடுபட்ட வாணர் சகோதரர்களின் பெயரால் மக்கள் இன்றும் வாணர் பாலம் என்றே வழங்குகிறார்கள். பெயர் தங்கிய சிலருள் அவர்கள் இருவர்.

பின்பு யுத்தம் வந்தது. கடல்நடுவே அந்நியர் கைப்பட்டு மாளும் விதியையும் இத்தீவுகள் அறிந்தன. நெடுந்தீவுக்கும் குறிகட்டுவானுக்கும் இடையே ஓடிய குமுதினிப் படகை 1985 மே 15 அன்று மறித்து ஏறியவர்கள், பெண்களும் குழந்தைகளும் உட்பட 20-க்கு மேற்பட்ட பயணிகளை வெட்டிக் கொன்றனர். அந்தப் பெயரை உச்சரிக்கும்போது நெடுந்தீவார் குரல் இன்றும் தாழ்கிறது. 1990-களின் தொடக்கத்தில் தீவுகள் ஏறத்தாழ முழுவதும் வெறிச்சோட, தீவக மக்கள் குடாநாட்டில் முன்பின் அறியாதவர் வீடுகளின் விறாந்தைகளிலும் பாடசாலைகளிலும் அடைக்கலம் புகுந்தனர். 1995 ஒக்ரோபர் இறுதியில் குடாநாட்டின் வலிகாமப் பகுதி முழுவதும் ஒரே இரவில் பெயர்ந்து, கொட்டும் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, அடைக்கலம் கொடுத்தவர்களும் அகதிகளாயினர். சாவகச்சேரிப் பக்கத்தில் படலையைத் திறந்துவிட்டு, ஒரு வீட்டில் பல குடும்பங்களுக்கு அடுப்பு மூட்ட இடங்கொடுத்தவர்களை, இன்று தூர தேசங்களில் வாழ்கிறவர்களும் மறக்கவில்லை. பலருக்கு அந்த வீட்டுக்காரரின் பெயர்கூட நினைவில்லை. அந்தக் கிணற்றின் தண்ணீர்ச் சுவை நினைவிருக்கிறது.

குமுதினிப் படுகொலைக்கு மறு ஆண்டு, உலகத்தின் மறுகோடியில், இன்னொரு தீவின் கடலில் நடந்ததை இங்கே சொல்ல வேண்டும். 1986 ஆகஸ்ட் 11 அன்று, கனடாவின் கிழக்கெல்லையிலுள்ள நியூபவுண்ட்லாந்துத் தீவின் தென்கரையில், செயின்ட் ஷாட்ஸ் என்ற சிற்றூருக்கு அப்பாலான கடலில் மூடுபனி கவிந்திருந்தது. மீன்பிடிக்கச் சென்றிருந்த கஸ் டால்டன் என்ற படகோட்டியின் கண்ணில், பனிக்குள்ளிருந்து உயிர்காப்புப் படகுகள் தென்பட்டன. இரண்டு படகுகளில் 155 பேர், ஈழத் தமிழர். ஜேர்மனியிலிருந்து ஏற்றிவந்த சரக்குக் கப்பல், நடுக்கடலில் இறக்கிவிட்டுப் போய்விட, நாள்கணக்கில் அட்லாண்டிக் அலையில் மிதந்துகொண்டிருந்தவர்கள். அவர்கள் யார், எந்நாட்டவர், சட்டப்படி வந்தவரா என்று டால்டன் அறியார். அவர்கள் பேசிய மொழியும் அவருக்குப் புதிது. தம் படகில் ஏற்றிக்கொண்டார். செய்தி அறிந்து வந்த வேறு மீன்பிடிப் படகுகளும் துணைநின்றன. கரைசேர்ந்தவர்களைச் செயின்ட் ஜோன்ஸ் நகரத்துப் பல்கலைக்கழக விடுதியில் தங்கவைத்தனர். தாங்கள் எங்கிருந்து எவ்வாறு வந்தோம் என்பதில் அவர்கள் முதலில் உண்மை சொல்லவில்லை என்பது சில நாளில் வெளியாயிற்று. கனடாவில் கோபமும் கண்டனமும் எழுந்தன. எனினும் பிரதமர் மல்ரோனியின் அரசாங்கம் அவர்களைத் திருப்பி அனுப்பவில்லை. அவர்கள் அந்நாட்டில் உழைத்துக் குடும்பமாயினர். முப்பது ஆண்டு கழித்து, 2016-இல், காப்பாற்றப்பட்டவர்களுள் சிலர் மீண்டும் நியூபவுண்ட்லாந்துக்குச் சென்று, முதுமை எய்தியிருந்த டால்டனைக் கண்டு நன்றி செலுத்தினர்.

அந்தக் கடலோடி செய்தது, அளவில் பார்த்தால், ஒரு பகற்பொழுதின் வேலை. மூடுபனிக்குள் தெரிந்ததைக் காணாதவர்போல் படகைத் திருப்பிக்கொண்டு போயிருந்தால் அவரைக் குற்றஞ்சாட்ட யாரும் இருந்திருக்க மாட்டார்கள். இன்று ரொறன்ரோவிலும் மொன்றியலிலும் வாழும் பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்களின் வரலாற்றில், கனடா என்ற நாட்டின் முதல் முகமாக நிற்பது அவருடைய முகம். ஊராத்துறையில் பரதேசிக்கு ரட்சை கூறிய கல்லையும் இந்தப் படகோட்டியையும் இணைக்கும் கயிறு எதுவும் சரித்திரத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் கடலில் தவித்தவனை யார் என்று கேளாமல் ஏற்றும் அந்தத் தர்மத்துக்குத் தேசமில்லை. அதை ஒரு கரையில் காத்து வந்த ஜனங்களின் வழித்தோன்றல்கள் இன்னொரு கரையில் அதனாலேயே பிழைத்தார்கள்.

செய்கிறவருக்கு உடனே கிடைக்கும் பலன் ஒன்றும் உண்டு. அதை இக்காலத்து மனோதத்துவ அறிஞர்கள் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலிசபெத் டன் முதலியோர் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், சிலர் கையில் காலையில் ஐந்து டாலரோ இருபது டாலரோ கொடுத்து, மாலைக்குள் செலவிடச் சொன்னார்கள். தமக்கெனச் செலவிட்டவர்களைவிடப் பிறருக்குச் செலவிட்டவர்களே மாலையில் அதிக மகிழ்ச்சியோடு இருந்தனர்; தொகை ஐந்தா இருபதா என்பதால் வேறுபாடு எதுவும் ஏற்படவில்லை. சிக்காகோவில் அமித் குமார், நிக்கலஸ் எப்லி என்ற இருவர், குளிர்காலத்தில் பனிச்சறுக்குத் திடலுக்கு வந்தவர்களைக் கொண்டு, முன்பின் தெரியாதவர்களுக்குச் சூடான சாக்லேட் பானம் ஒரு கோப்பை கொடுக்கச் செய்தார்கள். வாங்கியவர் எவ்வளவு மகிழ்வார் என்று கொடுத்தவர் மதிப்பிட்டதைவிட, வாங்கியவர் உண்மையில் அடைந்த மகிழ்ச்சி பெரிதாக இருந்தது. கொடுப்பவன் கோப்பையின் விலையை எண்ணுகிறான். பெறுபவனோ தன்னை ஒருவன் நினைத்தான் என்பதை எண்ணுகிறான். நாம் செய்யாமல் விட்ட சிறு உதவிகளில் பாதியேனும், "இதென்ன பெரிய காரியம்" என்ற தப்புக் கணக்கினால் விடுபட்டவையாகத்தான் இருக்கும்.

தீவகத்துத் தெருக்களின் இன்றைய நிலைக்கு வருகிறேன். தலைச்சுமை நடை போய்விட்டது; மோட்டார் சைக்கிளும் ஆட்டோவும் வந்துவிட்டன. போத்தல் தண்ணீர் கடைக்குக் கடை விற்கிறது. வீதியை அகலமாக்கும்போது சுமைதாங்கிகள் பிடுங்கி ஓரமாய்ப் போடப்படுகின்றன. சில மதிலுக்குக் கல்லாகின்றன. யுத்தத்தில் சனம் பெயர்ந்த ஊர்களில் கேணிகள் தூர்ந்து கிடக்கின்றன. ஆவுரஞ்சிக்கல் இன்னதென்று அறியாத பிள்ளைகள் அதில் ஏறி விளையாடுகின்றனர். காலம் மாறும்போது கருவிகள் மாறுவது இயல்பு. அதற்காக நான் அழவில்லை. வழிப்போக்கன் மட்டும் மறைந்துவிடவில்லை. துறையில் அடுத்த படகுக்கு வெயிலில் காத்து நிற்கும் முதியவளுக்கு இன்றும் நிழல் வேண்டும். பிரசவத்துக்காக நெடுந்தீவிலிருந்து கடல் கடந்து யாழ்ப்பாண ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணோடு துணைக்கு வந்த தாய்க்கு, அந்நகரத்தில் இராத்தங்க ஒரு பாயும் ஒரு வேளைச் சோறும் வேண்டும். கோடையில் தண்ணீர் வண்டியை எதிர்பார்த்து வரிசையில் வாளி வைக்கும் வீடுகளுக்கு நன்னீர் வேண்டும். அன்று மடமும் கேணியும் சுமைதாங்கியும் எந்தத் தேவைகளுக்காக எழுந்தனவோ, அவை பெயர் மாறி அப்படியே நிற்கின்றன.

ஆகவே வெளிநாடுகளில் வாழும் தீவக மக்களையும், அவர்கள் நடத்தும் ஊர் ஒன்றியங்களையும் நோக்கி ஒரு வேண்டுகோள். கோபுரத்துக்கும் தேருக்கும் நீங்கள் மனமுவந்து அனுப்புவதில் ஒரு சிறு பங்கை, உங்கள் ஊர் வீதியில் விழுந்து கிடக்கும் ஒரு சுமைதாங்கியை நிமிர்த்தவும், தூர்ந்த கேணி ஒன்றைத் துப்புரவாக்கவும், குறிகட்டுவானில் படகுக்குக் காத்திருப்போருக்குத் தண்ணீரும் நிழலும் அமைக்கவும், ஆஸ்பத்திரிக்கு வரும் தீவாருக்குத் தங்குமடம் ஒன்று ஏற்படுத்தவும் ஒதுக்கி வையுங்கள். ஊரில் இருப்பவர்கள், எந்தக் கல் எங்கே கிடக்கிறது என்பதை முதியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். கட்டி முடிந்தபின், அதன்மேல் எவருடைய பெயரையும் பொறிக்காதீர்கள்.